சொந்தக் கெர்னல் கட்டுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் ஏற்றுவோம். கூட்டம் எல்லாம் இல்லை, நான்கைந்து பேர்தான்: கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஓர் அங்கிள், நான். யாராவது ஒருத்தர் வந்த மூன்றாவது வாரம் "அண்ணே, கெர்னலை நாமே கட்டலாமாமே?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கெர்னல் என்றால் சரியாக என்ன?

நீங்கள் லினக்ஸ் என்று சொல்கிற மொத்தத்தில் உண்மையான லினக்ஸ் இது ஒன்றுதான். 1991 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்தது இதைத்தான். பிரவுசர், கோப்பு மேலாளர், பின்னணிப் படம் எல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பவை. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று சொல்வது, டிஸ்க்கோடும் வைஃபையோடும் பேசுவது, இதெல்லாம் கெர்னல் வேலை. மனிதர்கள் எழுதிய அதன் மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவதைத்தான், அதாவது கம்பைல் செய்வதைத்தான், கட்டுவது என்கிறேன்.

நானே கட்டினால் கணினி வேகமாக ஓடுமா?

ஓடாது. பத்தில் எட்டுப் பேர் இதை நினைத்துத்தான் வருகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உபுண்டு தருகிற கெர்னலில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுகிற துண்டு நிரல்கள், இருக்கின்றன, அதனால் அது கனமாக இருக்கும், தேவையில்லாததை வெட்டிப் போட்டால் பறக்கும் என்பதுதான் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிரைவர்களில் பெரும்பாலானவை மாட்யூலாக, அதாவது தனித்தனிக் கோப்பாக, டிஸ்க்கில் தூங்குகின்றன, அந்தச் சாதனம் உங்களிடம் இல்லையென்றால் அவை நினைவகத்தில் ஏறவே ஏறாது. வெட்டினால் டிஸ்க்கில் சில நூறு எம்பி மிச்சம், அவ்வளவுதான். உங்கள் பழைய மடிக்கணினி ஊர்வதற்குக் காரணம் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். கோம்தாருக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், கெர்னல் கட்டின சந்தோஷத்தை விட அது பெரிது.

அப்புறம் எதற்குத்தான் கட்டுவது?

உங்கள் சாதனத்துக்கான திருத்தம் புதிய கெர்னலில் இருக்கிறது, உங்கள் லினக்ஸோ இன்னும் பழையதிலேயே நிற்கிறது என்றால் கட்டலாம். யாரோ ஒரு பேட்ச், அதாவது மூலநிரலில் சேர்க்கவேண்டிய திருத்தம், கொடுத்து "இதைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் கட்டலாம். இல்லையென்றால் ஆசைக்காக, கற்றுக்கொள்ள. அதுவும் நல்ல காரணம்தான், ஆனால் அதை வேகம் என்று சொல்லி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

நான் முதலில் கட்டியது வைஃபைக்காக. 480 வெள்ளிக்கு வாங்கின பழைய மடிக்கணினி, மூடித் திறந்தால் வைஃபை செத்துப்போகும், திரும்ப பூட் செய்தால்தான் உயிர் வரும். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். அந்தச் சிப்புக்கான டிரைவரில் அதே கோளாறைச் சரிசெய்த நான்கு வரி மாற்றம் அடுத்த பதிப்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அந்த நான்கு வரிக்காக ஒரு ராத்திரி முழுக்கக் கொசுவர்த்தி கொளுத்திவைத்து உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மூடித் திறந்தேன், வைஃபை அங்கேயே இருந்தது.

ஆரம்பிக்கும் முன் என்னென்ன வேண்டும்?

டிஸ்க்கில் 30 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். இறக்குகிற கோப்பு சுமார் 140 எம்பிதான், விரித்தால் ஒன்றரை ஜிபி அளவுக்கு வரும், ஆனால் உபுண்டுவின் கான்ஃபிக்கோடு (எதெதைக் கட்டவேண்டும் என்கிற பட்டியல்) டீபக் தகவலும் (பிழை தேட உதவுவது) சேர்ந்து கம்பைல் ஆனால் 20 ஜிபியைத் தாண்டிவிடும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி, 4 ஜிபியில் முடியும், பொறுமை வேண்டும்.

பேக்கேஜ்கள்: பில்ட்-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், ட்வார்வ்ஸ். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் பாதியில் நின்று தலைக்கோப்பு காணோம் என்று புலம்பும். புலம்பலைப் படித்தால் எந்தப் பேக்கேஜ் என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

எந்தப் பதிப்பை எடுப்பது?

கெர்னல் டாட் ஆர்க் போனால் மெயின்லைன், ஸ்டேபிள், லாங்டெர்ம் என்று வரிசையாக இருக்கும். காரணம் எதுவும் இல்லையென்றால் லாங்டெர்ம், அதாவது நீண்ட நாளைக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிற பதிப்பு. ஆர்சி என்று முடிகிறவை சோதனைப் பதிப்புகள், தினமும் வேலை பார்க்கிற கணினியில் வேண்டாம்.

இறக்கின கோப்பு அசல்தானா என்று அதன் கையொப்பத்தையும் சரிபாருங்கள். இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழுவார்கள்: கையொப்பம் போட்டிருப்பது எக்ஸ்இசட் கோப்புக்கு அல்ல, அதைப் பிரித்தால் வருகிற டார் கோப்புக்கு. முதலில் அன்எக்ஸ்இசட், பிறகு ஜிபிஜி வெரிஃபை. மாற்றிச் செய்துவிட்டு "பேட் சிக்னேச்சர்" என்று பார்த்ததும் யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறி எனக்கு நடுராத்திரி அழைத்தவர் ஒருவர் உண்டு.

கான்ஃபிக்கில் ஆயிரக்கணக்கான கேள்விகள் இருக்கின்றனவே, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். காலியாக ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிற வீரம் முதல் தடவைக்கு ஆகாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலின் கான்ஃபிக் பூட் அடைவில் இருக்கும், அதை மூலநிரல் அடைவுக்குள் டாட்-கான்ஃபிக் என்ற பெயரில் நகலெடுத்து, மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக் கொடுங்கள். பழைய பதில்கள் அப்படியே இருக்கும், புதிதாக வந்த கேள்விகளுக்கு அதுவே வழக்கமான பதிலைப் போட்டுக்கொள்ளும்.

இதை மட்டும் செய்தால் எல்லா டிரைவரும் கம்பைல் ஆகும், பழைய இரட்டைக்கோர் மடிக்கணினியில் மூன்று நான்கு மணி நேரம். குறைக்க மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் இருக்கிறது: இந்த நிமிடம் ஏறியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும், அரை மணி முக்கால் மணியில் முடிந்துவிடும். ஆனால் "இந்த நிமிடம்" என்பதை நன்றாகக் கவனியுங்கள். எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் கணினியில் ஒன்றுமே செருகாமல் இதை ஓட்டினான். புது கெர்னல் அழகாக பூட் ஆனது. வீட்டில் இணையம் போன அன்று கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி இணையம் எடுக்கப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை, அந்த டிரைவர் கட்டப்படவே இல்லை. அதனால் ஓட்டுவதற்கு முன்பு வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு தடவை செருகுங்கள்: பெண்டிரைவ், பிரின்டர், கைப்பேசி, வெப்கேம், புளூடூத் ஹெட்போன், அண்ணனுடைய கேமரா கார்டு கூட. சில நிமிடம் பயன்படுத்திவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

பிறகு மேக் மெனுகான்ஃபிக்கில் நுழைந்தால் நீல நிறத்தில் பட்டியல் வரும். சாய்கோட்டை அழுத்தித் தேடலாம். அங்கே இரண்டே வேலைதான். ஒன்று, ஜெனரல் செட்டப்பில் லோக்கல் வெர்ஷன் என்பதில் ஒரு பெயர் போடுவது, அது கெர்னல் பெயருக்கு வாலாக ஒட்டிக்கொள்ளும். நான் "-thanneermalai" என்பதைத்தான் ஆங்கில எழுத்தில் போடுவேன், அதாவது தண்ணீர்மலை. இடைவெளி விடாமல், சின்ன எழுத்திலேயே வையுங்கள். இரண்டு, கெர்னல் ஹேக்கிங் பகுதியில் டீபக் இன்ஃபர்மேஷனை டிசேபிள் செய்வது. டிஸ்க் இடமும் நேரமும் பாதிக்குப் பாதி மிச்சமாகும்.

நட்சத்திரம் போடுவதா, எம் போடுவதா?

நட்சத்திரம் என்றால் கெர்னலுக்குள்ளேயே கலந்துவிடும். எம் என்றால் மாட்யூல், தேவைப்படும்போது ஏறும். நாசி கண்டார் கடையில் குழம்பைச் சோற்றின் மேலேயே ஊற்றிவிடுவதற்கும் தனிக் கிண்ணத்தில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம். ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. சந்தேகம் என்றால் எம்.

"கனோனிக்கல் செர்ட்ஸ்" கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது, ஏன்?

உபுண்டுவின் கான்ஃபிக்கை நகலெடுத்ததால் வருவது. அவர்கள் கட்டும்போது தங்கள் சான்றிதழ் கோப்பின் பெயரை அதில் எழுதியிருக்கிறார்கள், அந்தக் கோப்பு கெர்னல் டாட் ஆர்க் மூலநிரலில் கிடையாது. சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவகேஷன் கீஸ் என்கிற இரண்டையும் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இருக்கிற கான்ஃபிக் கருவியால் டிசேபிள் செய்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். டெபியனிலும் இதே மாதிரி ஒன்று வரும், மருந்தும் அதேதான்.

கம்பைல் ஆகும்போது கணினி கொதிக்கிறது, அணைந்துவிடுமோ?

நம் ஊர்ச் சூட்டுக்கு இது நியாயமான பயம். மத்தியானம் அறையே 32 டிகிரி, அதில் எல்லாக் கோரும் முழு வேகத்தில் ஓடினால் சிப் 95 டிகிரிக்குப் போகும். உடனே வெந்துவிடாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நேரம்தான் இழுக்கும். விசிறியில் அடைந்திருக்கிற தூசியை ஊதி எடுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள், ராத்திரியில் ஓட்டுங்கள்.

கட்டளை மேக் மைனஸ் ஜே, பக்கத்தில் ஓர் எண், பிறகு பின்டெப்-பிகேஜி. எண் உங்கள் கோர் எண்ணிக்கை. 4 ஜிபி நினைவகத்தில் 8 போட்டால் நடுவில் "கில்டு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் செத்துவிடும். நிரலில் பிழை இல்லை, நினைவகம் போதவில்லை. எண்ணை 2 ஆக்குங்கள்.

இன்னொன்று இடி. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சாயங்காலம் கம்பைலை ஆரம்பித்துவிட்டு வெளியே போகாதீர்கள். மின்சாரம் போனால் பெரிய நஷ்டம் இல்லை, மேக்கைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அணைந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் காலியாக இருக்கலாம், மேக் அவற்றை முடிந்தவை என்று நம்பிக் கடந்துபோய் கடைசியில் இணைக்கும்போது உளறும். அப்படி வந்தால் மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து.

இன்னும் சுலபமான வழியும் உண்டு: நல்ல கணினி வைத்திருக்கிற நண்பன் வீட்டில் கட்டுவது. உங்கள் மடிக்கணினியில் எல்எஸ்மாட் கொடுத்து வருகிற பட்டியலையும் பழைய கான்ஃபிக்கையும் பெண்டிரைவில் எடுத்துப் போங்கள், லோக்கல்மாட்கான்ஃபிக்கிடம் அந்தப் பட்டியலைக் காட்டலாம். பதினாறு கோர் இருந்தால் நீங்கள் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

கட்டி முடிந்தது, எப்படி ஏற்றுவது?

பின்டெப்-பிகேஜி கொடுத்திருந்தால் மேல் அடைவில் டெப் கோப்புகள், அதாவது ஏற்றத் தயாரான பேக்கேஜ்கள், இருக்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டையும் டிபிகேஜி மைனஸ் ஐ கொண்டு போடுங்கள், லிப்சி-டெவ் வேண்டாம். இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது கெர்னலோடு சேர்ந்து ஏறுகிற உதவிக் கோப்பு), கிரப் (எந்தக் கெர்னல் என்று தேர்ந்தெடுக்கிற பூட் மெனு) எல்லாம் தானாகவே நடக்கும். மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால் என்கிற பழைய வழியும் உண்டு, நான் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் அப்படிப் போட்டதைப் பிறகு கையால்தான் தேடித் தேடி அழிக்கவேண்டும்.

பழைய கெர்னலை உடனே அழித்துவிடலாமா?

கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது இரண்டும் இருக்கட்டும்.

நான் அழித்தேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். என் பூட் பார்ட்டிஷன் சின்னது, புது கெர்னல் போடும்போதே நிரம்பிவிட்டது. "இடம் இல்லை" என்று ஒரு வரி வந்து மேலே ஓடிப்போனது, பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இடம் வேண்டுமே என்று பழைய கெர்னலைத் தூக்கினேன். திரும்ப பூட் செய்தால் கறுப்புத் திரை, ரூட் எஃப்எஸ்ஸை (டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கிற இடத்தை) மவுன்ட் செய்ய முடியவில்லை, கெர்னல் பேனிக், கேப்ஸ்லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று. நடந்தது என்னவென்றால், டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் இருக்கிற இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு இடம் இல்லாமல் பாதியில் அறுந்துபோயிருந்தது. திரும்பிப் போகப் பழைய கெர்னலும் இல்லை. டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸை ஓட்டுகிற லைவ் பெண்டிரைவ் ஜார்ஜ்டவுனில் நண்பன் வீட்டில், அன்றைக்கு வெள்ளி ரதம் போகிறது, அவன் வீட்டைச் சுற்றி ரோடெல்லாம் அடைப்பு. இரண்டு நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. அதில் பூட் செய்து, சிரூட் வழியாக டிஸ்க்கில் இருக்கிற லினக்ஸுக்குள் நுழைந்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புது கெர்னல் பெயரோடு ஓட்டினேன், ஐந்து நிமிட வேலை.

பழையது இருந்திருந்தால் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் அதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். அந்த மெனுவே உங்களுக்குத் தெரிவதில்லை என்றால் பூட் ஆகும்போது எஸ்கேப், பழைய கணினியில் ஷிப்ட். எப்போதும் தெரியவேண்டும் என்றால் ஈடிசி டிஃபால்ட் கிரப் கோப்பில் டைம்அவுட் ஸ்டைலை மெனு என்றும் டைம்அவுட்டைப் பத்து என்றும் மாற்றி அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கெர்னலை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

"பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று வருகிறதே?

செக்யூர் பூட். நீங்கள் கட்டியதில் கையொப்பம் இல்லை, அதனால் விடமாட்டேன் என்கிறது. பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம், அல்லது சொந்தச் சாவி உருவாக்கி மாக்யூட்டில் என்கிற கருவி வழியாகப் பதிந்து கெர்னலுக்குக் கையொப்பம் போடலாம். அணைப்பது சுலபம், ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள், செக்யூர் பூட்டைத் தொட்டதும் அது சாவி கேட்டு அடம்பிடிக்கலாம்.

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் என்ன ஆகும்?

அவை டிகேஎம்எஸ் மூலம் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்படுபவை. ஹெடர்ஸ் பேக்கேஜைப் போட்டிருந்தால் பெரும்பாலும் தானாக நடக்கும். ரொம்பப் புதிய கெர்னல் என்றால் அந்த டிரைவர் இன்னும் அதற்குத் தயாராகாமல் கம்பைல் தோற்கலாம். லாங்டெர்ம் எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறுமி மேளம் ரெக்கார்டிங் செய்கிறோம், சத்தம் நடுநடுவே வெடிக்கிறது. ரியல்டைம் கெர்னல் கட்டினால் சரியாகுமா?

பிறை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டது, ரொம்பப் பிடித்த கேள்வி. ரியல்டைம் என்றால் அவசர வேலையைக் காக்க வைக்காமல் உரிய நேரத்தில் கவனிப்பது. ரியல்டைமுக்கான மாற்றங்கள் வருடக்கணக்காகத் தனிப் பேட்ச்சாக இருந்தன, 2024 நவம்பரில் வந்த 6.12 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, மெனுகான்ஃபிக்கில் ஒரு தேர்வுதான். ஆனால் தம்பி, கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். 5.12 முதல் பிரீஎம்ப்ட் டைனமிக் என்று ஒன்று இருக்கிறது, அது இயக்கப்பட்ட கெர்னல் என்றால் கிரப்பில் பூட் வரியில் பிரீஎம்ப்ட் சமம் ஃபுல் என்று சேர்த்தாலே போதும், கூடவே த்ரெட்ஐஆர்க்யூஸ். ஒரு வரி கூட கம்பைல் செய்ய வேண்டாம். அவர் அதைச் செய்தார், பஃபர் அளவையும் கொஞ்சம் ஏற்றினார், வெடிப்பு நின்றது. கட்டுகிற ஆசை தீராமல் கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனார்.

என்னிடம் ஒரு 386 இருக்கிறது, லினக்ஸ் அதில்தானே பிறந்தது?

நம் அங்கிள் கேட்டது. ஆமாம், லினஸ் எழுதினது இன்டெலின் பழைய 386 சிப் போட்ட கணினியில்தான், ஆனால் 2013இல் வந்த 3.8 பதிப்பிலேயே 386 ஆதரவை எடுத்துவிட்டார்கள். இன்றைய கெர்னல் அதில் ஓடாது. ஆனாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள் அங்கிள். இன்டெல் 1972 முதல் நம் பினாங்கில் இருக்கிறது, அந்தக் காலத்துச் சிப்புகளைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் "மலாய்" என்று ஐந்து ஆங்கில எழுத்தில் அச்சடித்திருக்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

ரஸ்ட் படிக்கவேண்டுமா?

வேண்டாம். 6.1 முதல் கெர்னலில் ரஸ்ட் என்கிற நிரல்மொழி இருக்கிறது, ஆனால் நீங்கள் கட்டுவதற்குக் கட்டாயம் இல்லை.

கட்டினதற்கு அப்டேட் வருமா?

வராது, இதை யாரும் யோசிப்பதில்லை. பேக்கேஜ்களை ஏற்றி இறக்குகிற ஏப்டி, உபுண்டுவின் கெர்னலுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவரும். உங்களுடையதற்கு நீங்கள்தான் பொறுப்பு: அதே வரிசையில் புதிய பதிப்பு வந்தால் இறக்கி, டாட்-கான்ஃபிக்கை நகலெடுத்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக் கொடுத்து, திரும்பக் கட்டவேண்டும். அலுப்பாக இருந்தால், உங்கள் பிரச்சினைக்கான திருத்தம் உபுண்டுவின் சொந்தக் கெர்னலுக்கே வந்து சேர்ந்த அன்று உங்களுடையதைத் தூக்கிவிட்டு அதற்குத் திரும்பிவிடுங்கள். என் வைஃபை கெர்னலை நான் ஐந்து மாதம் வைத்திருந்தேன், அப்புறம் தேவைப்படவில்லை.

சரி, எப்படித் தூக்குவது?

முதலில் யூநேம் மைனஸ் ஆர் கொடுத்து இப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் பெயர் வால் பிடித்த கெர்னலே வந்தால் திரும்ப பூட் செய்து கிரப் மெனுவில் உபுண்டுவுடையதைத் தேர்ந்தெடுங்கள், அதில் வைஃபை, சத்தம், தூங்கி எழுவது எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஏப்டி பர்ஜ் கொடுத்து உங்கள் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டையும் பெயர் சொல்லி எடுங்கள். நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக எடுக்காதீர்கள், அது உபுண்டுவுடையதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். லைவ் பெண்டிரைவ் மேசை மேலேயே இருக்கட்டும்.